9800எக்ஸ்3டி சிப்புக்கு ஏர் கூலரா, 360 ஏஐஓவா? பகலில் ஏர்கான் இல்லாத அறை

பொங்கோல்_பிளேயர் | பதிவு 1

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. புதிதாக ஒரு கேமிங் கணினி கட்டப் போகிறேன். சிப் ரைசன் 7 9800எக்ஸ்3டி, கிராஃபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 5080, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், 850 வாட் பவர் சப்ளை. இவை முடிவாகிவிட்டன. சிப்பின் சூட்டைத் தணிக்கும் கூலரில்தான் தடுமாறுகிறேன்.

கணினி இருக்கப்போவது வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் படுக்கையறையில். பகலில் ஏர்கான் போடுவதில்லை, சுவர் விசிறி மட்டும்தான். மத்தியானத்தில் அறை 31 டிகிரி காட்டும். இரவு 10 மணிக்கு மேல் ஏர்கான் ஓடும்.

கடையில் விசாரித்தால், சிங்கப்பூர் வெக்கைக்கு வாட்டர் கூலிங் இல்லாமல் இந்த சிப் தாங்காது என்கிறார்கள். சூட்டை வெளியேற்ற 360 மி.மீ. ரேடியேட்டர் வைத்த ஏஐஓ, அதாவது பம்ப், குழாய், தண்ணீர் எல்லாம் சேர்ந்தே வரும் வாட்டர் கூலர், 190 வெள்ளி. இணையத்தில் பார்த்தால் உலோகத் தகடுகளும் விசிறியும் கொண்ட, 55 வெள்ளிக்குக் கிடைக்கும் ஏர் கூலரே போதும் என்கிறார்கள். 135 வெள்ளி வித்தியாசம் எனக்குப் பெரிய தொகை. இன்னொரு பயமும் இருக்கிறது. இங்கே இருக்கிற ஈரப்பதத்தில் ஏஐஓவுக்குள்ளோ வெளியிலோ தண்ணீர் கசிந்து போர்டு போய்விடுமா?

வெப்பக்குழாய் | பதிவு 2

தம்பி, ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஏர் கூலரும் சரி, ஏஐஓவும் சரி, அறையின் வெப்பத்துக்குக் கீழே எதையும் குளிர்விக்காது. இரண்டுமே சிப்பின் சூட்டை எடுத்து அறைக் காற்றில் கொட்டுகிற வேலையைத்தான் செய்கின்றன. ஏர் கூலரின் செம்புக் குழாய்களுக்குள்ளும் தண்ணீர்தான் இருக்கிறது. சிப் பக்கம் ஆவியாகி, தகடுகளின் பக்கம் போய்க் குளிர்ந்து, உள்சுவரில் இருக்கும் நுண்துளைப் பூச்சு வழியாகத் திரும்பி வருகிறது. அதற்கு பம்ப் கிடையாது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே 'வெயில் ஊர், அதனால் வாட்டர்' என்பது காரணமே ஆகாது. அறை சூடானால் இரண்டும் அதே அளவு சூடாகும்.

கணக்கு எளிது. வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 22 டிகிரி அறையில் சோதிப்பவை. அங்கே 70 டிகிரி காட்டிய கூலர், உங்கள் 31 டிகிரி அறையில் ஏறத்தாழ 80 காட்டும். விமர்சனம் பார்க்கும்போது சிப்பின் வெப்பத்தைப் பார்க்காதீர்கள். அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்பதைப் பாருங்கள். அந்த எண்தான் இங்கேயும் செல்லும்.

அடுத்தது வாட். 9800எக்ஸ்3டியின் உச்ச வரம்பு 162 வாட். அது எல்லாக் கோர்களும் (சிப்புக்குள் கணக்கிடும் பகுதிகள்) முழுவேகத்தில் ஓடும்போது. விளையாடும்போது பெரும்பாலும் 60 முதல் 100 வாட்டுக்குள் நிற்கும். தகடுகள் இரண்டு அடுக்காக நிற்கும் நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் இதைச் சிரமமில்லாமல் தூக்கும். சிப் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வரம்பு 95 டிகிரி. முந்தைய 7800எக்ஸ்3டிக்கு அது 89. பழைய பதிவுகளில் 89 என்று எழுதியிருந்தால் அது அந்த சிப்பைப் பற்றியது, குழம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டு கோர்களும் இருக்கும் சிலிக்கான் துண்டு ஏறத்தாழ 70 சதுர மில்லிமீட்டர்தான். சுண்டுவிரல் நகத்தளவு. அதில் 100 வாட் எரிந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.4 வாட். சூடு மேலே வருவதற்கே அங்கே நெரிசல்: சிலிக்கானிலிருந்து மேல்மூடிக்கு, மூடியிலிருந்து இடையில் பூசும் வெப்பப் பேஸ்ட்டுக்கு, பேஸ்ட்டிலிருந்து கூலருக்கு. இந்த நெரிசல் எந்தக் கூலர் போட்டாலும் அப்படியே இருக்கும். அதனால்தான் இந்த மாதிரி சிப்பில் 55 வெள்ளிக் கூலருக்கும் 190 வெள்ளி ஏஐஓவுக்கும் விளையாட்டின்போது சில டிகிரிதான் வித்தியாசம் வருகிறது.

7800எக்ஸ்3டியில் கூடுதல் கேஷ் (சிப்புக்குள் இருக்கும் வேக நினைவகம்) அடுக்கு கோர்களுக்கு மேலே உட்கார்ந்து சூட்டை மறித்தது. 2024 நவம்பரில் வந்த உங்கள் சிப்பில் அந்த அடுக்கைக் கீழே மாற்றிவிட்டார்கள். இந்த விஷயத்தில் நீங்கள் எடுத்தது நல்ல முடிவு.

ஜூரோங்_ஓவர்குளோக் | பதிவு 3

வெப்பக்குழாய் அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஏஐஓ தேவையே இல்லை என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஒன்று, சிப் மாறினால் விடை மாறும். கோர் ஐ9-14900கே, ஐ7-14700கே இரண்டுக்கும் உச்ச வரம்பு 253 வாட். வீடியோ என்கோடிங், முப்பரிமாண ரெண்டரிங் என்று மணிக்கணக்கில் முழுச்சுமை கொடுத்தால் 31 டிகிரி அறையில் ஏர் கூலர் 100 டிகிரி வரம்பில் முட்டி நிற்கும். அங்கே 360 ஏஐஓ கொடுக்கும் காசுக்கு வேலை செய்யும்.

இரண்டு, தண்ணீரின் தாங்குதிறன். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். அதே எடைச் செம்புக்கு 0.385 போதும். கேம் முதன்முறை ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்கள்) தொகுக்கும்போது சிப் திடீரென்று முழுச்சுமைக்குப் போகும். ஏர் கூலரில் விசிறி உடனே அலறும். ஏஐஓவில் தண்ணீர் அந்தச் சூட்டை மெல்ல விழுங்கிக்கொள்ளும், விசிறி அதே வேகத்தில் ஓடும். சத்தம் பிடிக்காதவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் விசிறியை சிப்பின் வெப்பத்தோடு கட்டாமல் திரவத்தின் வெப்பத்தோடு கட்டினால்தான் இந்தப் பலன் கிடைக்கும். இதைச் செய்யாமலே ஏஐஓ சத்தம் போடுகிறது என்று குறைப்படுபவர்கள் ஏராளம்.

மூன்று, இடம். கிராஃபிக்ஸ் கார்டு 360 வாட் கக்குகிறது. அந்தச் சூடான காற்றைத்தான் பெட்டி நடுவில் தொங்கும் ஏர் கூலர் உறிஞ்ச வேண்டும். பக்கவாட்டில் உள்ளே இழுக்கும்படி வைத்த ரேடியேட்டருக்கு வெளிக்காற்று நேரடியாகக் கிடைக்கும்.

செங்காங்_அக்கா | பதிவு 4

பெட்டி எது என்று யாரும் கேட்கவில்லையே! தம்பி, கேஸின் மாதிரியையும் அதில் கூலர் உயரத்துக்குக் கொடுத்திருக்கும் வரம்பையும் போடுங்கள். அது தெரியாமல் பேசுவதெல்லாம் வீண்.

பொங்கோல்_பிளேயர் | பதிவு 5

மன்னிக்கணும் அக்கா. முன்னாலும் இடப்பக்கமும் கண்ணாடி வைத்த இரட்டை அறைப் பெட்டி. கீழே மூன்று, பக்கவாட்டில் மூன்று, மேலே மூன்று, பின்னால் ஒன்று என்று 120 மி.மீ. விசிறிக்கு இடம் இருக்கிறது. கூலர் உயரம் 167 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறார்கள். ரேம் உயரம் 44 மி.மீ., விளக்கு வைத்தது.

செங்காங்_அக்கா | பதிவு 6

இப்போது பேசலாம்.

167 என்றால் தெர்மல்ரைட் ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ, 154 மி.மீ., தாராளமாகப் போகும். பீயர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155, அதுவும் போகும். நொக்டுவா என்எச்-டி15 165, அதாவது 2 மி.மீ. மிச்சம். அதன் புதிய ஜி2 பதிப்பு 168. ஒரே ஒரு மில்லிமீட்டரில் கண்ணாடி மூடாது. இந்த ஒரு மில்லிமீட்டரைப் பார்க்காமல் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்க அலைபவர்கள் உண்டு.

அதோடு முடியவில்லை. கூலரின் அட்டையில் எழுதியிருக்கும் உயரம் அதன் உலோக உயரம். முன் விசிறி ரேமுக்கு மேலே வரும். உங்கள் ரேம் 44 மி.மீ. என்பதால் விசிறியைக் கம்பியில் சற்று மேலே தள்ளி மாட்ட வேண்டியிருக்கும். எத்தனை மில்லிமீட்டர் தள்ளினீர்களோ அத்தனையும் மொத்த உயரத்தில் சேரும். 154 கூலரில் 13 மி.மீ. மிச்சம் இருப்பதால் சமாளிக்கலாம். 165 கூலரில் முடியாது. இதனால்தான் உங்கள் பெட்டிக்கு 120 மி.மீ. விசிறி வைத்த சிறிய இரட்டைக் கோபுரம் நல்லது, 140 மி.மீ. விசிறி வைத்த பெரியது வேண்டாம்.

மேலே ஏஐஓ போட நினைத்தால் வேறு அளவு எடுக்க வேண்டும். சாதாரண ரேடியேட்டர் 27 மி.மீ. தடிமன், விசிறி 25, மொத்தம் 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 ரேடியேட்டரே 38 மி.மீ., விசிறியோடு 63. பெட்டியின் கூரைக்கும் மதர்போர்டின் மேல்விளிம்பு ஹீட்சிங்குக்கும் நடுவில் அந்த இடம் இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளக்கணும். '360 ஆதரவு' என்ற வரியை மட்டும் நம்பக் கூடாது.

வெப்பக்குழாய் | பதிவு 7

கண்ணாடிப் பெட்டி என்று தெரிந்ததும் என் அக்கறை கூலரிலிருந்து விசிறிகளுக்குப் போய்விட்டது.

உங்கள் கணினி விளையாடும்போது மொத்தம் 500 வாட் சூடு வெளியிடும் என்று வையுங்கள். உள்ளே நுழையும் காற்று 10 டிகிரி சூடேறி வெளியேறட்டும் என்றால் மணிக்கு ஏறத்தாழ 150 கன மீட்டர் காற்று ஓட வேண்டும். நல்ல 120 மி.மீ. விசிறி ஒன்று தடையில்லாத இடத்தில் மணிக்கு 90, 100 கன மீட்டர் தள்ளும். வடிகட்டியும் கம்பிவலையும் குறுக்கே வந்தால் அதில் பெரும் பங்கு போய்விடும். வேகத்தையும் பாதியாகக் குறைத்து ஓட்டுவோம். எனவே உள்ளே இழுக்கக் குறைந்தது நான்கு விசிறி வையுங்கள். ஆறு வைத்து மெதுவாக ஓட்டினால் இன்னும் நல்லது.

மாட்டும் முறை: கீழே மூன்றும் உள்ளே. அவை நேராக கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஊட்டும். பக்கவாட்டு மூன்றும் உள்ளே. அவைதான் ஏர் கூலருக்குக் காற்று தரும். பின்னால் ஒன்று வெளியே. மேலே பின்மூலையில் ஒன்றே ஒன்று வெளியே. மேலே இருக்கும் மூன்று இடத்தையும் நிரப்பாதீர்கள். முன்மூலையில் வைத்த விசிறி, குளிர்ந்த காற்று கூலரைத் தொடுவதற்கு முன்பே மேலே உறிஞ்சிக்கொண்டு போய்விடும். விசிறி கூடினால் குளிர்ச்சி கூடும் என்று நினைத்து இப்படி மாட்டிவிட்டு, கடைசியில் கூலரைக் குறை சொல்கிறார்கள்.

ஜூரோங் தம்பி சொன்ன பக்கவாட்டு ரேடியேட்டருக்கும் ஒரு விலை உண்டு. சிப்பின் சூட்டைச் சுமந்த காற்று பெட்டிக்குள்ளே வரும், கிராஃபிக்ஸ் கார்டு அதையும் சேர்த்துச் சுவாசிக்கும். மேலே வைத்தால் கார்டு விட்ட சூட்டை ரேடியேட்டர் சுவாசிக்கும். உங்களிடம் 360 வாட் கார்டும் 80 வாட் சிப்பும் இருக்கின்றன. கார்டைக் காப்பாற்றுவதுதான் முக்கியம். ஏஐஓ போட்டே ஆகணும் என்றால் மேலே வைத்து வெளியே தள்ளுங்கள்.

ஜூரோங்_ஓவர்குளோக் | பதிவு 8

அதை ஏற்றுக்கொள்கிறேன் அண்ணே. பொங்கோல்_பிளேயர், உங்கள் பெட்டியில் கீழிருந்து கார்டுக்குத் தனியாகக் காற்று வருவதால் பக்கவாட்டில் வைத்தாலும் பாதிப்பு சற்றுக் குறைவு. ஆனாலும் இந்த சிப்புக்கு மேலே வைப்பதுதான் பொருத்தம்.

தேக்கா_தெர்மல் | பதிவு 9

ஈரப்பதம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளியில் நீர் துளிர்ப்பது, உள்ளிருந்து திரவம் குறைவது, கசிவது என்று இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

நீர் துளிர்ப்பது: காற்று ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்குக் கீழான பரப்பைத் தொட்டால்தான் அதிலுள்ள ஈரம் துளியாகும். 31 டிகிரி, 70 விழுக்காடு ஈரப்பதம் என்றால் அந்த எல்லை ஏறத்தாழ 25 டிகிரி. ஓடிக்கொண்டிருக்கும் ஏஐஓவின் திரவம் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். அதன்மேல் துளி உண்டாகவே முடியாது. தேத்தண்ணீர்க் கடையில் ஐஸ் தேத்தண்ணீர்க் கோப்பை வியர்ப்பதைப் பார்த்து, ஏஐஓவும் வியர்க்கும் என்று நினைப்பது தவறு.

துளிர்க்கக்கூடிய நேரம் ஒன்று உண்டு, அது எந்தக் கூலருக்கும் பொது. இரவு முழுக்க ஏர்கானை 20, 21ல் விடுகிறீர்கள், கணினி அணைந்து குளிர்ந்து கிடக்கிறது. காலையில் ஏர்கானை நிறுத்தி உடனே சன்னலைத் திறந்தால் வெளியிலிருந்து ஈரக்காற்று வரும். 21 டிகிரியில் இருக்கும் உலோகத் தகடு, கண்ணாடி, கிராஃபிக்ஸ் கார்டின் பின்தகடு எல்லாவற்றிலும் மெல்லிய ஈரப்படலம் படியலாம். அந்த நேரத்தில் கணினியைப் போடாதீர்கள். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் கழித்துப் போடுங்கள். ஏர்கானை 25ல் வைத்துத் தூங்கினால் இந்தக் கவலை இல்லை.

திரவம் குறைவது: ரப்பர்க் குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் மூலக்கூறுகள் மிக மெதுவாக வெளியேறும். எந்த ஏஐஓவிலும் இதைத் தவிர்க்க முடியாது. வெப்பம் கூடினால் வேகமும் கூடும். அதனால் நம் ஊரில் ஏஐஓவின் ஆயுள் குளிர்நாட்டு விமர்சகர் சொல்வதைவிடக் குறையத்தான் வாய்ப்பு. குறைந்த அளவுக்கு உள்ளே காற்றுக்குமிழி சேரும். பெரும்பாலானவற்றில் மறுபடி ஊற்ற வழியில்லை. வழியிருந்தாலும் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள். ரேடியேட்டர் அலுமினியம், சிப்பின் மேல் உட்காரும் தகடு செம்பு. அரிப்புத் தடுப்பான் நீர்த்துப்போனால் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். நுண்கால்வாய்களில் கசடு அடைத்துவிடும்.

கசிவு: அரிது. ஆனால் வந்தால் கூலரோடு நிற்காது, கார்டையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஏஐஓ பெரும்பாலும் சாவது கசிவால் அல்ல, பம்ப் நின்றுபோவதாலும் கசடு அடைப்பதாலும்தான்.

ஈசூன்_சில்லு | பதிவு 10

பம்ப் செத்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்குமே.

தேக்கா_தெர்மல் | பதிவு 11

கையை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கணினியைப் போட்டுப் பத்து நிமிடம் சுமை கொடுங்கள். இரண்டு குழாய்களையும் சிப்புக்கு அருகில் தொடுங்கள். ஓட்டம் இருந்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். ஓட்டம் நின்றிருந்தால் சிப்பின் ஓரத்தில் மட்டும் சுடும், ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும், விசிறி தள்ளும் காற்றில் வெதுவெதுப்பே இருக்காது. அதே நேரத்தில் திரையில் சிப் 95ஐத் தொட்டிருக்கும். பம்பின் சுற்று எண்ணிக்கை மென்பொருளில் சரியாகக் காட்டும்போதே கசடு அடைத்து ஓட்டம் நிற்பதும் உண்டு. ஆகையால் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம்.

மாட்டும் நிலையும் ஆயுளைப் பாதிக்கும். காற்றுக்குமிழி எப்போதும் மிக உயரமான இடத்துக்குப் போகும். அந்த இடம் ரேடியேட்டரின் மேல்பகுதியாக இருக்க வேண்டும், பம்பாக இருக்கக் கூடாது. மேலே கிடையாக வைப்பது முதல் தேர்வு. பக்கவாட்டில் நட்டுவைத்தால் குழாய்கள் கீழ்ப்பக்கம் வரட்டும், ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரமாக இருக்கட்டும். அடியில் ஒருபோதும் வேண்டாம். கணினி போட்டவுடன் களகளவென்று சத்தம் கேட்டு ஓரிரு நிமிடத்தில் அடங்கினால் பயப்பட வேண்டாம். அடங்காமல் தொடர்ந்தால் குமிழி பம்பில் மாட்டியிருக்கிறது.

செங்காங்_அக்கா | பதிவு 12

சத்தத்தைப் பற்றி: படுக்கையறை என்று சொன்னதால் கேட்கிறேன், கணினி இரவில் ஓடுமா? ஏர் கூலரில் வேலையில்லாத நேரம் விசிறியை 500, 600 சுற்றுக்கு இறக்கிவிட்டால் காதுக்கு எதுவும் எட்டாது. ஏஐஓவில் விசிறியை நிறுத்தினாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிய, ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம். பகலில் தெரியாது, எல்லாம் அடங்கிய ராத்திரியில் சிலருக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும்.

பொங்கோல்_பிளேயர் | பதிவு 13

இரவில் பெரிய கோப்பு இறக்க விட்டுவைப்பேன் அக்கா. அப்படியானால் ஏர் கூலர் பக்கம்தான் சாய்கிறது. இன்னொரு கேள்வி: ஏஐஓ போட்டால் அறை குறைவாகச் சூடாகுமா?

வெப்பக்குழாய் | பதிவு 14

ஆகாது. 500 வாட் எரிந்தால் 500 வாட்டும் அறைக்குத்தான் வரும். ஏர்கான் கணக்கில் சொன்னால் மணிக்கு ஏறத்தாழ 1,700 பிடியூ (ஏர்கானின் திறனைச் சொல்லும் வெப்ப அலகு). படுக்கையறையில் 9,000 பிடியூ ஏர்கான் இருந்தால் அதன் திறனில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைக் கணினியே தின்றுவிடும். மின்சாரம் யூனிட் 30 காசு என்று வைத்தால் மணிக்கு 15 காசு. தினம் நான்கு மணி நேரம் விளையாடினால் மாதம் 18 வெள்ளி, ஏர்கான் கூடுதலாக உழைப்பது தனி.

அறைச் சூட்டைக் குறைக்க வேண்டுமானால் வாட்டைக் குறைக்கணும். கிராஃபிக்ஸ் கார்டின் மின்வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கினால் 360 வாட் 288 ஆகும். பிரேம் இழப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுதான் இருக்கும். திரையின் புதுப்பிப்பு வேகத்துக்கு மேல் போகாமல் பிரேமுக்கு வரம்பு வைப்பதும் அதே பலன் தரும். எந்தக் கூலரைவிடவும் இந்த இரண்டும்தான் நம் ஊர் அறைக்கு அதிகம் உதவும். இதற்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை.

ஜூரோங்_ஓவர்குளோக் | பதிவு 15

சிப்பிலும் செய்யலாம். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) பிபிஓ என்ற பகுதிக்குள் கர்வ் ஆப்டிமைசர் என்று இருக்கும், எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 15ல் ஆரம்பியுங்கள். அதே வேகத்துக்குக் குறைந்த வோல்டேஜ், அதனால் சூடும் சில டிகிரி குறையும். அதிகமாக இறக்கினால் பிழை வருவது முழுச்சுமையில் அல்ல, லேசான வேலையில், சும்மா இருக்கும்போது, தூக்கத்திலிருந்து எழும்போது. அதனால் அரை மணி நேரம் சினிபெஞ்ச் (சிப்புக்கு முழுச்சுமை கொடுக்கும் சோதனை மென்பொருள்) ஓடியது என்பதால் நிலையானது என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு, மூன்று நாள் வழக்கமாகப் பயன்படுத்திப் பாருங்கள். தானாக மறுதொடக்கம் ஆனால் மைனஸ் 10க்கு ஏறுங்கள். ஏஎம்டி இதையும் ஓவர்குளோக்கிங் வகையில்தான் சேர்க்கிறது, உத்தரவாதத்தைப் பாதிக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

செங்காங்_அக்கா | பதிவு 16

ஏர் கூலர் மாட்டும் வரிசையை எழுதிவிடுகிறேன், முதல் தடவை கட்டுபவர்கள் தடுக்கி விழும் இடங்களோடு.

மதர்போர்டைப் பெட்டியில் ஏற்றியதும், கூலருக்கு முன்பே சிப்புக்கான 8 முனை மின்கம்பியைச் சொருகிவிடுங்கள். கோபுரம் ஏறிவிட்டால் அந்த மூலைக்குக் கை போகாது. ஏஎம்5 (உங்கள் சிப் உட்காரும் சாக்கெட் வகை) போர்டில் சாக்கெட்டின் இருபக்கமும் உள்ள பிளாஸ்டிக் பிடிகளை மட்டும், நான்கு திருகு கழற்றி எடுங்கள். பின்தகடு போர்டிலேயே நிற்கும். பழைய ஏஎம்4 போல அது கீழே விழாது. அங்கே இடைத்தண்டுகளை வைத்துக் கூலரின் இரண்டு பட்டைகளையும் திருகுங்கள்.

பேஸ்ட்: மூடியின் நடுவில் பாதிக் கொண்டைக்கடலை அளவு, நான்கு மூலைப் பக்கமும் மிளகளவு. தேய்க்க வேண்டாம், அழுத்தமே பரப்பிவிடும். ஏஎம்5 சிப்பின் ஓரங்களில் வெட்டுவெட்டாக இருக்கும், அதற்குள் கொஞ்சம் வழிந்தாலும் மின்சாரம் கடத்தாத சாதாரண பேஸ்ட் என்றால் பாதகமில்லை. திரவ உலோகம் மட்டும் வேண்டாம்.

கூலரின் அடித்தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். அதை உரிக்காமல் மாட்டினால் கணினி எழும், ஆனால் ஓரிரு நிமிடத்தில் 95ஐத் தொடும்.

நடு விசிறியைக் கழற்றினால்தான் திருகுகள் தெரியும். நீளமான திருப்புளி வேண்டும். இரண்டு திருகையும் முதலில் இரண்டிரண்டு சுற்று பிடிக்க வையுங்கள். பிறகு இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று என்று மாறி மாறி, தானாக நிற்கும் வரை. ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு சாய்ந்து உட்காரும், பேஸ்ட் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கும். கழற்றிப் பார்க்கும்போது மூடியில் ஒரு பக்கம் கெட்டியாக, மறுபக்கம் உலோகம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால் இதுதான் காரணம்.

விசிறியின் திசை: சட்டத்தின் குறுக்குக் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். அது பெட்டியின் பின்புறம் பார்க்கணும். கம்பியை மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய இடத்தில் சொருகுங்கள். வேறு இடத்தில் சொருகினால் பயாஸ் விசிறிப் பிழை என்று நின்றுவிடலாம்.

தேக்கா_தெர்மல் | பதிவு 17

அக்கா சொன்னதோடு ஒன்று. ஏஎம்5 சிப்பில் கோர்கள் நடுவில் இல்லை, கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கின்றன. சில கூலர்களில் இதற்காகவே 7 மி.மீ. கீழே இறக்கி மாட்டும் பட்டைகள் உண்டு. நொக்டுவா தரும் பட்டையில் 1 முதல் 3 டிகிரி வரை குறையும் என்று அவர்களே சொல்கிறார்கள். இருந்தால் அந்தத் துளையில் மாட்டுங்கள், இல்லையென்றால் தேட வேண்டாம்.

சோதிப்பது எப்படி என்றால்: ஒரு சின்ன வெப்பமானியைப் பெட்டி காற்றை உள்ளிழுக்கும் இடத்துக்கு அருகில் வையுங்கள். சினிபெஞ்சை 10 நிமிடமும், பிறகு உங்கள் கேமை 30 நிமிடமும் ஓட்டுங்கள். ஏஐஓவானால் கட்டாயம் 30 நிமிடம். அதன் திரவம் சூடாகி நிலைபெறவே நேரம் எடுக்கும், முதல் ஐந்து நிமிட எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒவ்வொரு முறையும் அறை வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள். அறை 31, கேமில் சிப் 75 என்றால் 44 அதிகம். ஆறு மாதம் கழித்து ஏர்கான் அறையில் 25ல் பார்த்து 71 காட்டினால் குறைந்துவிட்டது என்று மகிழ வேண்டாம், 46 ஆகியிருக்கிறது. தூசு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஈசூன்_சில்லு | பதிவு 18

வாங்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏஐஓ வாங்குவதானால் உத்தரவாதம் எத்தனை ஆண்டு, உள்ளூர் விநியோகஸ்தர் மூலமா, வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமா என்று ரசீது போடுவதற்கு முன் கேளுங்கள். இங்கே 2012 செப்டம்பரிலிருந்து குறைபாடுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கொடுத்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறைபாடு, வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், மறுப்பதானால் விற்றவர்தான் நிரூபிக்கணும். பம்ப் நான்காம் மாதம் நின்றால் தயாரிப்பாளரிடம் போங்கள் என்று கடை தட்டிக்கழிக்க முடியாது. ரசீதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வெப்பத்தால் அச்சாகும் ரசீதுத்தாளின் எழுத்து ஒரு வருடத்தில் மங்கிவிடும்.

பொங்கோல்_பிளேயர் | பதிவு 19

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முடிவு இது: ஃபாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இ. மிச்சமாகும் காசில் கீழேயும் பக்கவாட்டிலும் ஆறு விசிறி. பின்னால் ஒன்று, மேலே பின்மூலையில் ஒன்று. கார்டு 80 விழுக்காடு. ரேமை மாற்ற வேண்டாம் அல்லவா அக்கா?

செங்காங்_அக்கா | பதிவு 20

வேண்டாம். முன் விசிறியை ரேமின் தலையில் உரசாத அளவுக்கு ஏற்றிவிட்டுக் கண்ணாடியை மூடிப் பாருங்கள். ரேம் குச்சிகளை சாக்கெட்டிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடத்தில் போடுங்கள். இரண்டாவது குச்சி கோபுரத்தின் நிழலில் இருக்கும், ஆகவே ரேமைச் சொருகிவிட்டுக் கூலர் மாட்டுங்கள்.

வெப்பக்குழாய் | பதிவு 21

விசிறி வேகத்தை சிப்பின் வெப்பத்துக்கு ஏற்ப இப்படி வைத்துப் பாருங்கள்: 50 டிகிரி வரை 30 விழுக்காடு, 70ல் 50, 80ல் 75, 88ல் 100. சிப் ஒரு நொடி எகிறும்போதெல்லாம் விசிறியும் எகிறாமலிருக்க, பயாஸில் வேகம் கூடவும் குறையவும் எடுக்கும் தாமதத்தை 3 முதல் 5 நொடிக்கு ஏற்றுங்கள். ஜூரோங் தம்பி சொன்ன அலறல் இதிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

வடிகட்டி மாதம் ஒருமுறை, தகடுகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. புகைமூட்ட நாள்களில் வடிகட்டியை வாரம் ஒருமுறை பாருங்கள். காற்று அடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் அதன் பேரிங் கெடும். வீடு மாறும்போது பெட்டியை மதர்போர்டு படுத்திருக்கும்படி சாய்த்து எடுத்துச் செல்லுங்கள். நிமிர்த்தி லாரியில் வைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் கோபுரத்தின் முழு எடையும் சாக்கெட்டை நெம்பும். கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாகக் கழற்றி அதன் அட்டைப்பெட்டியில் போட்டுவிடுங்கள்.